நெய்யரி

நன்னூலின் பாயிரப் பகுதியை வகுப்பில் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் சிரிக்கும் இடம் ஒன்று உண்டு. பவணந்தி முனிவர் மாணாக்கரை முதல், இடை, கடை என்று மூவகையாகப் பிரித்து உவமை சொல்கிறார். அன்னமும் பசுவும் முதல் மாணாக்கர். மண்ணும் கிளியும் இடைப்பட்டவர். ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை மாணாக்கர். எருமை வரும்போது வகுப்பு சிரிக்கும். பின்வரிசையில் யாரேனும் ஒருவரைத் திரும்பிப் பார்க்கும். நெய்யரி வரும்போது மட்டும் ஓர் அமைதி. அது என்ன பொருள் என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. தென்னை மட்டையின் அடியில் வலைபோல் பின்னிக் கிடக்கும் பன்னாடைதான் அது என்றும், உருக்கிய நெய்யை அதன் வழியே ஊற்றினால் நெய் கீழே போய்விடும், கசடு மட்டும் அதில் தங்கும் என்றும் விளக்குவோம். நல்லதை விட்டுவிட்டு அல்லதைப் பிடித்துக்கொள்ளும் மாணவன் கடையன் என்பது முனிவரின் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை மறுக்க எங்களுக்குத் தகுதியில்லை. ஆனால் கசடைப் பிடித்து வைத்துக்கொள்வதையே கடமையாகக் கொண்ட ஒரு பொருள் அக்கடமையில் தவறினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பாடநூலில் கற்கவில்லை. சாத்தூருக்கு அருகே, கரிசல் காட்டுக்கு நடுவே, வெயிலில் நின்று கற்றோம்.

2011ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறை. நாங்கள் மூவர், இரண்டு புல்லட்டுகள். கழுகுமலை வெட்டுவான் கோயிலையும் சமணச் சிற்பங்களையும் பார்த்துவிட்டு மறுநாள் திரும்புவது திட்டம். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளையெல்லாம், மாங்குளம், அழகர்மலை, கொங்கர்புளியங்குளம், முத்துப்பட்டி, விக்கிரமங்கலம் என்று ஞாயிறுதோறும் ஏறி இறங்கிய பிறகு, தெற்கே கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்று தோன்றியது. வரலாற்றுத் துறை நண்பரின் வண்டி 1986இல் திருவொற்றியூரில் செய்யப்பட்ட பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட். அவருடைய தகப்பனார் ஓட்டியது. பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு அதற்கு எண்ணெய் மாற்றினோம். அப்போது ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிடுவது நல்லது என்று சொன்னது நாங்கள்தான். பழைய கம்பளி ஃபில்டர் எதற்கு, இப்போது காகித ஃபில்டர் வந்துவிட்டதே என்று சொன்னதும் நாங்கள்தான். கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று பெயர் அச்சிட்ட அட்டைப் பெட்டியில். மற்றொன்று வெறும் பாலிதீன் உறையில். விலையில் நாற்பது ரூபாய் வேறுபாடு. உறையில் இருந்ததை எடுத்தோம்.

மதுரையிலிருந்து எழுபது கிலோமீட்டர் அளவில் வந்திருப்போம். முதலில் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஒரு தட்டும் ஓசை. நண்பர் வேகத்தைக் குறைப்பதற்குள் ஓசை உரத்தது. வண்டி ஒருமுறை குலுங்கி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, சாலையில் கறுப்புக் கோடு இழுத்து நின்றது. பின்னால் சரக்கு லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் வலப்பக்கம் ஒடித்துத் தப்பவிட்டார். அவர் நிறுத்தவில்லை, ஏதோ திட்டிக்கொண்டே போனார். அந்த வசவை நாங்கள் இன்றுவரை ஆசீர்வாதமாகவே எடுத்துக்கொள்கிறோம். குட்டியானை ஒன்றைப் பிடித்து வண்டியை ஏற்றி, இரவு மதுரை திரும்பினோம்.

வைகையின் வடகரையில் இருந்த மூத்த மெக்கானிக் ஒருவர் மறுநாள் எஞ்சினைப் பிரித்தார். ஃபில்டர் இருந்த அறையின் மூடியைக் கழற்றியதும் அவர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மடிப்பு மடிப்பாக இருந்த காகிதம் சூட்டில் பசை விட்டுப் பிரிந்து, கசங்கி, கூழாகி, எண்ணெய் போகும் துளையை அடைத்திருந்தது. அதற்கு அப்பால் ஒரு சொட்டும் போகவில்லை. கனெக்டிங் ராடின் பெரிய முனை கிராங்கோடு பற்றிக்கொண்டிருந்தது.

"கம்பளி அழுக்கானா பெட்ரோல்ல அலசி மாட்டிக்கலாம் சார். இது என்ன, பரீட்சைப் பேப்பரா, கசக்கிப் போட?" என்றார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. செலவில் பாதியை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். இந்த ஃபில்டர் என்பது எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது, எதைத் தேர்வது என்று தேடத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

நெடும்பயணம் போகிறவன் வண்டியின் அச்சைப் பற்றிக் கவலைப்படுவது தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றில் ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் பாட்டு ஒன்றில் உமணர் வண்டி வருகிறது. உப்பு ஏற்றிக்கொண்டு மேடும் பள்ளமும் கடந்து போகும் அவர்கள், நடுவழியில் என்ன நேருமோ என்று வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றையும் கட்டிக்கொண்டு போவார்களாம். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்று தலைவனைப் புகழ்கிறார் புலவர். அரசனை உதிரிபாகத்துக்கு ஒப்பிட்ட துணிச்சல் வேறெந்த மொழியில் உண்டோ, தெரியவில்லை. அழகர்மலைக் குகைத்தளத்தில் உள்ள தமிழிக் கல்வெட்டுகளில் மதுரையைச் சேர்ந்த உப்பு வணிகன் ஒருவனின் பெயர் இருக்கிறது. கொழு விற்றவன், பணிதம் விற்றவன் பெயர்களும் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அவனுடைய வண்டிகளும் இதே சமவெளியில்தான் உருண்டிருக்கும்.

அச்சுக்கு மசகு போடுவதும் அன்றே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தாத்தா காலத்து மாட்டுவண்டிகளில் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையை ஒரு மூங்கில் குழாயில் அடைத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த மைக்கு வடிகட்டி தேவையில்லை. அது ஒருமுறை போடப்படும், புழுதியோடு சேர்ந்து கெட்டியாகும், வழித்தெறியப்படும், புதிதாகப் போடப்படும். திரும்பி வராத எண்ணெய்க்கு வடிகட்டி எதற்கு? இந்தக் கேள்வியில்தான் ஆயில் ஃபில்டரின் வரலாறே அடங்கியிருக்கிறது.

முதல் மோட்டார் சைக்கிள்களும் இந்த வகையில் மாட்டுவண்டிகளே. 1910களில் ஓடியவற்றில் ஓட்டுபவர் ஒரு கைப்பம்பை அவ்வப்போது அழுத்தி எண்ணெயை எஞ்சினுக்குள் செலுத்துவார். அது உள்ளே போய்க் கொஞ்சம் எரியும், மீதி ஒழுகிச் சாலையில் விழும். முழு இழப்பு முறை என்று அதற்குப் பெயர். எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுற்றிவரச் செய்யலாம் என்று எப்போது கண்டார்களோ, அப்போதுதான் சுற்றிவருவது எண்ணெய் மட்டுமல்ல என்பதும் தெரிந்தது. தேய்ந்த உலோகத் துகள், எரிந்த கரி, காற்றோடு நுழைந்த புழுதி எல்லாம் சேர்ந்தே சுற்றின.

மதுரைக்கு மோட்டார் வந்த கதையைச் சொல்லாமல் இதைத் தொடர முடியாது. திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தம் நிறுவனத்தைத் தொடங்கி, 1912இல் மதுரையில் பேருந்துப் போக்குவரத்தை ஆரம்பித்தார். அந்த நிறுவனத்தின் கட்டடம் நிற்கும் மேலவெளி வீதியே ஒரு பழைய கோட்டையின் நினைவு. 1830களின் பிற்பகுதியில் ஆட்சியர் பிளாக்பர்ன் நாயக்கர் காலக் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தபோது உண்டானவை வெளிவீதிகள். அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் பெயரைத்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் சுமக்கின்றன. மதில் இருந்த இடத்தில் பிறகு மோட்டார் வந்தது.

அன்றைய சாலைகள் மாட்டு வண்டிகளுக்கானவை. லாடத்தில் அடித்த ஆணிகள் கழன்று சாலையெங்கும் கிடக்கும். பேருந்தின் டயர்கள் அவற்றுக்கு இரையாகும். இதைச் சமாளிக்க, பெரிய காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்கியெடுத்தார்கள் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். எங்களைப் பொறுத்தவரை மதுரைச் சமவெளியின் முதல் ஃபில்டர் அந்தக் காந்த வண்டிதான். சாலையையே வடிகட்டியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் காலத்து எஞ்சின்களுக்குள் ஃபில்டர் இல்லை. உலகமெங்கும் பெருவாரியாக விற்ற ஃபோர்டு டி மாடல் காரில் எண்ணெய்ப் பம்பே கிடையாது. சுழலும் பாகங்கள் எண்ணெயை வாரி இறைத்துக்கொள்ளும். சில நூறு மைல்களுக்கு ஒருமுறை எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதுதான் ஒரே காப்பு. 1923இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்டு என்பவர் எஞ்சினோடு இணைக்கும் எண்ணெய் வடிகட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார். பிறகு வரப்போகும் எண்ணெயும் தூயது என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களைச் சுருக்கிப் புரோலேட்டர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வடிகட்டும் பொருள் துணி. அடுத்த ஆண்டே, 1924இல், கிரைஸ்லர் கார்களில் அது இடம்பெற்றது. காகிதத்தைப் பிசினில் தோய்த்து மடித்துப் பயன்படுத்துவதும், ஒரே திருகில் மாட்டிக் கழற்றும் தகரக் குடுவையும் பிற்காலத்தவை. குடுவை வகை 1950களில் பரவியது.

இடையில் ஒரு போர் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் பங்கீடு. பேருந்துகளை நிறுத்துவதா, வேறு எதைக் கொண்டாவது ஓட்டுவதா என்ற நிலையில் சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் மரக்கரியிலிருந்து வாயு எடுக்கும் கலன்களை வடிவமைத்துத் தயாரித்தது. மிக மூத்த தலைமுறையினர் கரி பஸ் என்று நினைவுகூர்வது இதைத்தான். வண்டியின் பின்னால் உருளை வடிவில் ஓர் அடுப்பு. காலையில் அதை மூட்டி, கையால் விசிறி சுற்றிக் கனலாக்கி, வாயு வந்த பிறகே வண்டி கிளம்பும். மேட்டில் திணறினால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். இதில் நகைச்சுவை நிறைய உண்டு; பலர் எழுதிவிட்டார்கள். எழுதப்படாதது வடிகட்டுதல்.

கரிவாயு வெறும் வாயுவாக வராது. சாம்பலும் கரித்தூளும் கூடவே வரும். அப்படியே எஞ்சினுக்குள் விட்டால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததுபோல் சிலிண்டர் சில வாரங்களில் தேய்ந்துவிடும். எனவே வாயுவைக் குழாய்களில் சுற்றவிட்டுக் குளிரவைத்து, பிறகு வடிகட்டிகள் வழியாக அனுப்ப வேண்டும். உலகெங்கும் இதற்குத் துணிப் பைகளையும் நாரையும் எண்ணெய்த் தொட்டியையும் பயன்படுத்தினார்கள். அவற்றைத் தினமும் தட்டி, கழுவி, உலர்த்தியாக வேண்டும். இன்றைக்குப் பேருந்துப் பணிமனையில் வேலை செய்கிறவர்கள்கூட எண்ணிப் பார்க்க முடியாத உழைப்பு அது. இருந்தும் எவ்வளவு வடிகட்டினாலும் ஒரு பகுதி தப்பிப் போய் எண்ணெயில் கலந்து அதை மையாக்கியது. எஞ்சின் நலம் என்பது காற்று, எரிபொருள், எண்ணெய் ஆகிய மூன்றையும் வடிகட்டுவதில் இருக்கிறது என்பதை இந்தப் பகுதியின் பணிமனைகள் அந்த ஐந்தாறு ஆண்டுகளில் தெரிந்துகொண்டிருக்கும். மதுரையின் தனியார் பேருந்துகள் 1972இல் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகமானபோது, அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கைகளும் உடன் சென்றன.

இனிப் புல்லட்டுக்கு வருவோம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1932இல் பிறந்த பெயர் அது. சுதந்திரத்துக்குப் பின் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்த வண்டிகளை இறக்குமதி செய்தது. எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் அவற்றை வாங்கியது. 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் வண்டிகளைக் கோக்கத் தொடங்கினார்கள். 1962 அளவில் முழு வண்டியும் இங்கேயே உருவாயிற்று. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் தாய் நிறுவனமே இல்லாமல் போனது. பிள்ளை மட்டும் திருவொற்றியூரில், பெற்றோர் வைத்த அதே சட்டையில், இன்னும் நாற்பது ஆண்டு ஓடியது.

அந்தச் சட்டையின் ஒரு பை எண்ணெய்த் தொட்டி. பழைய புல்லட்டில் எண்ணெய் எஞ்சினின் அடியில் தேங்கி நிற்பதில்லை. கிராங்கின் பின்புறம் அதே வார்ப்பில் அமைந்த தொட்டியிலிருந்து ஒரு பம்பு எண்ணெயைச் செலுத்தும். மற்றொரு பம்பு வடிந்ததை உறிஞ்சித் தொட்டிக்குத் திருப்பும். செலுத்தும் வழியில், வலப்பக்க மூடியின் அடிப்பகுதியில் ஓர் அறை. அதில் உருளை வடிவில் கம்பளி ஃபில்டர். அதைக் கடந்த எண்ணெய்தான் பெரிய முனைக்குப் போகும். அங்கே உருளைகள் பொருத்திய பேரிங் கிடையாது. வெள்ளீயக் கலவை பூசிய மிதக்கும் புஷ் ஒன்றுதான். ராடுக்கும் கிராங்க் முளைக்கும் நடுவே, இரண்டையும் தொடாமல், எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி அது சுழல வேண்டும். மிக எளிய, மிக நேர்த்தியான ஏற்பாடு. எண்ணெய் சுத்தமாக வரும் வரை அதற்கு அழிவே இல்லை என்று சொல்லலாம். எண்ணெய் நின்றால் அரை நிமிடம்கூடத் தாங்காது. சாத்தூரில் நாங்கள் கண்டது இந்த இரண்டாவது வாக்கியத்தை.

கம்பளி ஃபில்டர் மிக நுண்ணிய துகளைப் பிடிக்காது. இது அதன் குறை. ஆனால் அது தடிமனானது, அழுக்கு அதன் மேற்பரப்பில் மட்டுமன்றி ஆழத்திலும் தங்கும், எளிதில் கிழியாது. எண்ணெய் மாற்றும்போது ஒருமுறை பெட்ரோலில் அலசி மாட்டுவதும் அடுத்தமுறை புதிதாக இடுவதும் இங்குள்ள மெக்கானிக்குகளின் வழக்கமாக இருந்தது. நல்ல காகித ஃபில்டர் அதைவிட நுண்மையாக வடிகட்டும் என்பதில் ஐயமில்லை. தலைமயிரின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், காகிதம் 20, 30 மைக்ரான் துகள்களை நிறுத்திவிடும். ஆகவே கம்பளியா காகிதமா என்று நாங்கள் எழுப்பிய கேள்வியில் பிழையில்லை. எந்தக் காகிதம் என்று கேட்காமல் விட்டதுதான் பிழை.

இந்த ஊர்களில் பல்லாண்டு காலம் பெரும்பாலோருக்கு ஆயில் ஃபில்டர் என்ற சொல்லே தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராஜ்தூத், யெஸ்டி, 1980இல் வந்த டிவிஎஸ் 50, பிறகு ஆர்எக்ஸ் 100 எல்லாம் இரட்டை வீச்சு வண்டிகள். எண்ணெய் பெட்ரோலோடு கலந்து போய் எரிந்து புகையாகும். பழைய மாட்டுவண்டித் தத்துவம். 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோது நான்கு வீச்சு எஞ்சின் கிராமத்துக்கும் போயிற்று. அதிலும் காகித ஃபில்டர் இல்லை. ஒரு கம்பிவலையும், கிராங்கின் முனையில் சுழலும் கிண்ணம் ஒன்றும் உண்டு. சுழற்சியில் கனமான துகள்கள் கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தயிர் கடையும்போது வெண்ணெய் பிரிவதுபோல என்று ஒரு மாணவன் சொன்னான். முற்றிலும் சரியன்று, ஆனால் கெட்ட உவமையும் அன்று.

கலித்தொகையின் நெய்தற்கலியில் இன்னொரு முறை இருக்கிறது. தேற்றா விதையைக் கலத்தில் இழைக்க, கலங்கிய நீர் தெளிவதுபோல், காதலன் திரும்பியதும் அவள் உள்ளம் தெளிந்தது என்று அங்கே உவமை. விதை கசடைப் பிடித்து வைப்பதில்லை. அதை அடியில் படியவைக்கிறது. எண்ணெயிலும் இது நடக்கிறது. நின்றுபோன வண்டியின் அடியில் கசடு தானே படியும். ஆனால் இன்றைய எஞ்சின் எண்ணெய்களில் கரியைப் படியவிடாமல் மிதக்கவைக்கும் மருந்துகளைச் சேர்த்திருக்கிறார்கள். மிதப்பது ஃபில்டரில் சிக்கும். அல்லது எண்ணெய் மாற்றும்போது வெளியேறும். எண்ணெய் சீக்கிரம் கறுத்துவிட்டதே என்று வருந்துகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். கறுத்த எண்ணெய் தன் வேலையைச் செய்கிறது.

1994இல் நிறுவனம் ஐஷரின் கைக்கு வந்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒரே வார்ப்பில் அமைந்த புதிய எஞ்சின் வந்து, 2010 வாக்கில் வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு இந்தியச் சந்தையில் விடைகொடுத்தார்கள். கியர் இடப்பக்கம் போனதைப் பற்றிப் புலம்பிய அளவுக்கு யாரும் எண்ணெய்க்கு நேர்ந்த மாற்றத்தைக் கவனிக்கவில்லை. முன்பு எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியர்ப்பெட்டிக்கு வேறு, கிளட்ச் அறைக்கு வேறு. இப்போது மூன்றுக்கும் ஒன்று. கிளட்ச் தகட்டின் நாரும் கியர்ப் பற்களின் பொடியும் பெரிய முனைக்குப் போகும் எண்ணெயில்தான் கலக்கின்றன. முன்பு ஃபில்டர் ஒரு வீட்டுக் காவலாளி. இப்போது ஒரு தெருவுக்கே காவலாளி. அத்துடன் வால்வுகளை அசைக்கும் தண்டுகளின் அடியில் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் டேப்பட்டுகள் வந்தன. அழுக்கு அவற்றுக்கும் ஆகாது. 2020இல் மீட்டியாருடன் வந்த அடுத்த தலைமுறை எஞ்சினிலும் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். 2018இல் வந்த 650 இரட்டை எஞ்சின் வண்டிகளில் திருகி மாட்டும் தகரக் குடுவை. இந்த ஒரே எண்ணெய் ஏற்பாட்டால்தான் காருக்கு ஊற்றும் எண்ணெயை இவற்றுக்கு ஊற்றக்கூடாது என்கிறார்கள். உராய்வைக் குறைக்கும் மருந்து கிளட்சை வழுக்கவிடும். ஜப்பானியர் 1998இல் வகுத்த ஜாசோ எம்ஏ தரக்குறி டப்பாவில் இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகவே.

சரி, எதைத் தேர்வது? எங்களிடம் கேட்டவர்களுக்கு நாங்கள் சொல்லிவருவதைச் சொல்கிறோம்.

மடிப்புக் காகிதத்தை முதலில் பார்க்க வேண்டும். மடிப்புகள் நெருக்கமாக, ஒரே இடைவெளியில், ஒட்டிய இடம் தெரியாத அளவுக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். விரலால் லேசாக அழுத்தினால் மீண்டு வர வேண்டும். காகிதம் மெலிந்து, மடிப்பு குறைந்து, பசை பிதுங்கியிருந்தால் வேண்டாம். இரு முனைகளிலும் உள்ள வளையம் அசையக்கூடாது. எங்கள் ஃபில்டர் இந்த முனையில்தான் விட்டது. நடுவே துளையிட்ட தகரக் குழல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அழுத்தம் கூடும்போது காகிதம் உள்நோக்கி நசுங்காமல் தாங்குவது அது. பயணத்துக்குப் போகிற வண்டிக்கு, அந்த வண்டியைச் செய்தவர்களோ அவர்களுக்குச் செய்து கொடுப்பவர்களோ தரும் ஃபில்டரையே வாங்குங்கள். பெட்டியில் அச்சு மங்கலாகவும் எழுத்துப்பிழையோடும் இருந்தால் அது போலி. தமிழாசிரியருக்குப் பயன்படும் சோதனை இது ஒன்றுதான்.

குடுவை வகையில் மறை பொருந்திவிட்டது என்பதற்காக ஏதோ ஒரு காரின் ஃபில்டரை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே ஒரு மாற்றுவழி வால்வு உண்டு. காகிதம் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் எண்ணெய் இறுகினாலோ, அழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் அது திறந்து எண்ணெயை வடிகட்டாமலே அனுப்பிவிடும். அழுக்கு எண்ணெய் போவது தீங்கு. எண்ணெயே போகாதது அழிவு. இந்த இரண்டுக்கும் நடுவே எந்த அழுத்தத்தில் விட்டுக்கொடுப்பது என்பதை ஒவ்வோர் எஞ்சினுக்கும் அதை வடிவமைத்தவர்கள் கணக்கிட்டு வைக்கிறார்கள். மறை ஒன்றாக இருப்பதால் அந்தக் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் எஃகுவலை ஃபில்டர்கள் இணையத்தில் விற்கின்றன. பார்க்க அழகு. வலையின் கண் பொதுவாகக் காகிதத்தினுடையதைவிடப் பெரிது. கழுவுவது சரியாக அமையவில்லையென்றால் அழுக்கு உள்பக்கம் போய்விடும். கொடைக்கானலுக்கோ தனுஷ்கோடிக்கோ போய்வருபவருக்கு அது எதற்கு என்று தோன்றுகிறது. காந்தம் வைத்த வடிகால் போல்ட்டுகளை நாங்கள் எதிர்ப்பதில்லை. ஆனால் அந்தப் பழைய காந்த வண்டி லாட ஆணியைப் பொறுக்கும். கண்ணாடிச் சில்லைப் பொறுக்காது. எஞ்சினுக்குள் அலுமினியமும் வெண்கலமும் வெள்ளீயமும் தேய்கின்றன. அவை காந்தத்துக்குக் கட்டுப்படாதவை.

பொருத்துவதில்தான் பாதிக் கேடு. காகித வகையில் ரப்பர் வளையங்கள் உண்டு. பழையதைக் கழற்றும்போது ஒரு வளையம் மூடியிலேயோ குழலிலேயோ ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கவனிக்காமல் புதியதைச் செருகினால் வளையம் இரட்டிக்கும். அல்லது பழைய ஃபில்டரோடு வளையமும் குப்பைக்குப் போய், புதியது வளையமில்லாமல் உட்காரும். இரண்டாவது நேர்ந்தால் எண்ணெய் காகிதத்தைத் தொடாமலே ஓரமாக நழுவிப் போகும். வெளியே ஒழுக்கு இராது; எந்த அறிகுறியும் இராது. விலையுயர்ந்த ஃபில்டர் உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும். மாற்றி முடித்ததும் எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு நிறுத்தி, எண்ணெய் மட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும்; புதுக் காகிதம் கொஞ்சம் குடித்திருக்கும்.

எப்போது மாற்றுவது என்பதற்கு வண்டியோடு வந்த கையேடு விடை சொல்லும். அதற்குக் கீழே நாங்கள் ஓர் அடிக்குறிப்பு எழுதுவதுண்டு. மேலூர் பக்கத்துக் கல்குவாரித் தூசியிலும், கோடையில் திருமங்கலத்துக்குத் தெற்கே கிளம்பும் கரிசல் புழுதியிலும் தினம் ஓடும் வண்டிக்குக் கையேட்டின் தூரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். காற்று ஃபில்டரை மறந்துவிட்டு ஆயில் ஃபில்டரை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் கூரையின் கீழ் தரையைத் துடைப்பதாகும்.

கழற்றிய பழைய ஃபில்டரை உடனே எறிந்துவிடுவதில்லை. காகிதத்தைக் கத்தியால் வெட்டி, மடிப்பை விரித்து, பெட்ரோலில் லேசாக அலசி, வெயிலில் சாய்த்துப் பார்ப்போம். கல்வெட்டுப் படியெடுக்கும்போது மை ஒற்றிய தாளை வெளிச்சத்தில் சாய்த்து எழுத்துத் தேடுவோமே, அதே சாய்வு. பொன்னிறப் புள்ளி தெரிந்தால் வெண்கலம். மங்கிய வெள்ளி நிறத்தில் காந்தம் வைத்தும் நகராதது அலுமினியம். நகர்ந்தால் இரும்பு. நார்போல் இருந்தால் கிளட்ச். சில புள்ளிகள் இருப்பது இயல்பு; முன்பைவிடக் கூடியிருந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். எண்ணெய் ஊறிய அந்தக் காகிதத்தையும் வடித்த எண்ணெயையும் சாக்கடையில் விடாமல், பழைய எண்ணெய் வாங்குபவரிடம் சேர்த்துவிடுகிறோம். சாக்கடையின் மறுமுனை வைகை.

வரலாற்றுத் துறை நண்பரின் புல்லட்டுக்குப் புதிய பெரிய முனை போட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. 2011இன் கழுகுமலைப் பயணத்தை மூன்று மாதம் கழித்து முடித்தோம். அந்த மூத்த மெக்கானிக் மறுபடி கம்பளி ஃபில்டரைத்தான் மாட்டினார். காகிதமே வேண்டும் என்றால் நல்லதாக வாங்கி வாருங்கள், மாட்டித் தருகிறேன் என்றார். நண்பர் வாங்கப் போகவில்லை. இப்போது கம்பளி கிடைப்பது அரிதாகிவிட்டதால் ஒருமுறையில் நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்கிறார். அவற்றில் ஒன்று, மெழுகுத் தாளில் சுற்றி, மூடியின் ரப்பர் வளையத்தோடு, வண்டியின் டூல் பெட்டிக்குள் எப்போதும் இருக்கிறது. பெட்டியின் மேல் அவர் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவைத்திருப்பது மழைக்குக் கரைந்துவிடும். மறுபடி எழுதுவார்: சேம அச்சு.